செருப்பு விடும் இடம்

சுகாதார நிலையம் ஒன்பது மணிக்குத் திறக்கும்.
துறைமுகத்தில் ஆறு மணிக்கே ஆள் எடுப்பார்கள்.
இரண்டுக்கும் நடுவே
எத்தனை கால்கள் போயின என்று
என்னிடம் ஒரு கணக்கு உண்டு. சொல்ல மாட்டேன்.

அதனால் வெள்ளிக்கிழமை மதியம்
ரோஷ்-புவா பள்ளிவாசல் குழாயடியில்
குலாம் ரசூல் எனக்கொரு முக்காலி போட்டுவைக்கிறார்.
தொழுகைக்குக் கால் கழுவும் நேரம்தான்
என் வைத்திய நேரம்.
கையில் மருந்தில்லை, ஊசியில்லை.
தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை.
கண்ணை மூடிக்குங்க, தொட்டா சொல்லுங்க.
கட்டைவிரலில் தொடுகிறேன். சொல்கிறார்.
குதிகாலில் தொடுகிறேன். மௌனம்.
இழை வளைந்து நிற்கிறது. மௌனம்.
"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்கிறார் பிறகு.

கிரியோலில் 'பா சாந்தி' என்றால்
உணர்வு தெரியவில்லை என்று பொருள்.
என் தமிழ்க் காதில் மட்டும்
அது வேறு மாதிரி விழும்.
சர்க்கரை அப்படித்தான் வருகிறது,
சாந்தி, சாந்தி என்று,
விரல் விரலாக.

கோயிலில் இடம் கேட்டபோது
நிர்வாகம் மூன்று கூட்டம் போட்டது.
பள்ளிவாசலில் வைத்த முக்காலி இங்கே எதற்கு என்றார் ஒருவர்.
பூசாரி அர்னாசெல்லோம் ஒன்றும் பேசவில்லை.
எழுந்து போய்
செருப்பு வைக்கும் மரத்தட்டை
இரண்டடி நகர்த்தினார்.

அங்கேதான் வந்து உட்கார்ந்தார்
தேவராசன் சின்னத்தம்பூ,
பதினெட்டு வருஷம் பூ மிதித்தவர்.
"இந்தத் தடவை சுடவே இல்ல தம்பி.
தாயே இறங்கி மஞ்சள் பூசினாப்பல இருந்துச்சு."
கண்ணெல்லாம் நீர்.
காலில் ஒரு கொப்புளம், ஓரம் கறுத்து.
இழையைப் பத்து இடத்தில் வைத்தேன்.
பத்திலும் மௌனம்.
அது அருள் இல்லை, செத்த நரம்பு என்று
எந்த வாயால் சொல்வது?
பூசாரிதான் குனிந்தார்.
அந்த உள்ளங்காலை
விபூதி படிந்த கையில் ஏந்தினார்.
"சுடணும்யா.
சுடுற காலத்தானே அவ கேட்டா."

பெரிய வியாழன்.
தேவாலயத்தில் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார்கள்.
வழக்கமாய் முன்வரிசை ஆட்கள்,
வீட்டிலேயே ஒருமுறை நன்றாய்க் கழுவிக்கொண்டு வருகிறவர்கள்.
அந்த வருடம் பாதர்
தகர வீட்டுச் சந்துகளுக்குள் போய்க் கூப்பிட்டார்.
முக்காட்டைப் பின்னால் முடிந்துகொண்டு
ஸ்வாலேஹா டார்ச் பிடித்தாள்.
ஒன்பதாவது கால் ஜோஸ்லினுடையது.
துடைக்கும்போது துண்டு எதிலோ சிக்கியது.

குதிகாலுக்குள் ஓர் ஆணி.

"பூட்ஸ்லதான் ஏதோ சத்தம்னு நெனச்சேன்" என்று
ஜோஸ்லின் சிரித்தார்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.
விடிந்தால் வெள்ளி.

அன்றிரவு குலாமின் வேனில்
பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்,
தீ சுடாத ஒரு காலும்
ஆணி குத்தாத ஒரு காலும்.
வழியெல்லாம் இருவரும் கால்பந்து பேசினார்களாம்,
சண்டையே வந்துவிடும் போல.

ஜோஸ்லினின் குதிகாலில் இப்போது
எலுமிச்சை அளவுக்கு ஒரு குழி. கால் இருக்கிறது.
தேவராசன் இந்தத் தையில் மிதிக்கவில்லை.
நெருப்பு முடிகிற இடத்தில்
பால் குழியை நிரப்பிக்கொண்டு நின்றார்,
சாக்ஸ் போட்டுக்கொண்டு,
கொஞ்சம் கோபமாக.

மரி-ஆஞ்ச் மட்டும்
எங்கேயும் செருப்பைக் கழற்றுவதில்லை.
மணியோ பாங்கோ கேட்டால்
ரேடியோவைக் கூட்டி வைப்பாள்.
அவளை யார் கணக்கில் சேர்ப்பது என்று
மூன்று இடத்திலும் வாதம் நடந்தது.
வாதம் முடியட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.
ரம் கடைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில்
முக்காலியை வைத்தேன்.

கண்ணை மூடு, மரி-ஆஞ்ச்.
மூட மாட்டேன் என்கிறாள்.

சரி. திறந்தே இரு.